டாக்டரம்மா ஜீப்பைத் தூக்கிய வருஷம்

கஞ்சி போட்ட பருத்திப் புடவையோடு டாக்டரம்மா ஜீப்புக்கு அடியில் கோரைப்பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டுமே. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார். அடியில் டார்ச் வெளிச்சம் இங்குமங்கும் அலைந்தது. எங்கள் வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது "ம்... ம்..." என்று ஒரு சத்தம் கொடுப்பாரே, அதே சத்தம் நடுநடுவே வந்தது. ஆழ்வார்பேட்டையில், கீழே கிளினிக்கும் மாடியில் பிரசவ வார்டுமாக இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வராந்தாவில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்து அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுப் பதிகிற மேஜை என்னுடையது. ஒருத்தி வந்து, "டாக்டர் எங்கேம்மா?" என்று கேட்டாள். "ஒரு கேஸ் பாத்துட்டிருக்காங்க, உக்காருங்க" என்றேன். பொய் சொன்னதாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. டாக்டரம்மாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெருவில் பரம்பரை வீடு. கணவர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். வண்டி விஷயத்தில் வாயைத் திறக்காத புண்ணியவான். டாக்டரம்மா எங்கே போனாலும் தானே ஓட்டிக்கொண்டு போவார், டிரைவர் வைத்துக்கொண்டதில்லை. நான் கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில், கீழ்த்தள வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுபவர். கூட மாமியார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று நர்சுகள் சொல்வார்கள். எதிர்த்துப் பேசினால் அவருக்குப் பிடிக்கும் என்பதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் நான் என்பதுதான் சரி.

முந்தைய வருஷத்து மழையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு முதல் பிரசவம். அம்மா இல்லாதவளுக்குத் தாய்வீடு ஏது என்று புருஷன் வீட்டிலேயே இருந்துவிட்டேன். தீபாவளிக்கு முன் வாரம், கொட்டுகிற மழையில், காலையில் வலி கண்டது. ஜவுளிக்கடையில் அது ஆளை விடாத சமயம். வீட்டுக்காரர் விடியற்காலையே போயிருந்தார். தெருவில் தண்ணீர் ஏறியிருந்ததால் எந்த ஆட்டோவும் உள்ளே வரவில்லை. மாமியார் மருந்துக்கடைக்குப் போய் போன் போட்டார். டாக்டரம்மா உடனே தன் பழைய காரில் கிளம்பியிருக்கிறார். நந்தனம் தாண்டிப் பாலத்துக்குத் திரும்பும் பள்ளத்தில் தண்ணீர் புகுந்து கார் நின்றுவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தார். குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பையன். அழவே இல்லை.

அதைப் பற்றி டாக்டரம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. மாதம் ஒன்று கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, மேஜைமேல் என் பழைய பேனாவும் டம்ளரும் வைத்த இடத்திலேயே இருந்தன, அவ்வளவுதான். காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தை மாதம் ஏதோ ஓர் அரசாங்கத் துறை ஏலம் விட்ட டீசல் ஜீப் ஒன்றை வாங்கினார். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், மேலே கித்தான் கூரை. மயிலாப்பூர் மாமி ஜீப் ஓட்டுவதைத் தெருவே நின்று பார்த்தது. பங்குனி கடைசியில், எனக்கு மறுபடி இரண்டு மாதமாக நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஐப்பசிக் கடைசியில் வந்து விழுந்தது தேதி. "சந்தோஷம்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில்தான் பாயை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தையல்காரர்களின் அளவு நாடாவோடு எங்கள் குடியிருப்புக்கு வந்து நின்றார். போன மழைத் தண்ணீர் சுவர்களில் விட்டுப்போன பழுப்புக் கோடு அப்போதும் அழியாமல் இருந்தது. ரேஷன் கடை, மருந்துக்கடை, பாலத்தின் இறக்கம் என்று எங்கெங்கே தரை தாழ்வோ அங்கெல்லாம் குனிந்து, தரையிலிருந்து அந்தக் கோடுவரை அளந்தார். நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. "இன்னா மேடம், எடம் வாங்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "தண்ணிக்கு அளவு எடுக்கறேன்" என்றார் டாக்டரம்மா, ரவிக்கைக்கு அளவு எடுப்பவர் சொல்வதைப் போல. ஜீப்பின் அடிப்பாகம் எங்கே இருக்கிறது, காற்று இழுக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் படுத்துப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருந்தது. மருந்துச் சீட்டு ஒன்றில் ஜீப்பின் படத்தைப் போட்டு, அதன் குறுக்கே தண்ணீருக்கு ஒரு கோடு கிழித்தார். கோடு ஜீப்பின் வயிற்றில் போனது. "தொய்ஞ்சு போயிருக்கு இது. தூக்கி நிறுத்தணும்" என்றார்.

நந்தனத்தில் ஒரு சந்துக்குள் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். அதை நடத்தியவரை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். சினிமா சண்டைக் காட்சிகளுக்கு ஜீப் தயார் செய்து கொடுப்பவர். வண்டியைத் தூக்குவது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: உயரமாக, முரட்டுத்தனமாக, மேட்டிலிருந்து குதித்தாலும் உடையாமல். டாக்டரம்மா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் பளபளத்துவிட்டது. "இன்னா மேடம் நீங்க, இதுக்குப் போயி யோசிச்சிக்கினு. அச்சுக்கு அடீல கீற ஸ்பிரிங் பட்டைய அப்டியே மேல ஏத்திட்டா ஆறு இஞ்சி கெடைக்கும். பெரிய டயரு போட்டா இன்னும் ஏறும். வண்டி சும்மா யான கணக்கா நிக்கும். தண்ணி இன்னா, பீச்சுக்குள்ளயே வுடலாம்."

"யானை வேண்டாம் மேஸ்திரி. என் பேஷண்ட் மாவுத்தன் இல்லே" என்றார் டாக்டரம்மா. "ஆறு அங்குலம் ஒரேயடியா தூக்கினா ஜாயிண்ட்டெல்லாம் எக்கிண்டு நிக்காதா? பிரேக் குழாய் எட்டுமா? வளைவுல சாயாதா?" மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அந்தக் கேள்விகளை அவரிடம் சண்டைப் பயிற்சியாளர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஜீப்புகள் ஒரு நாள் ஓடினால் போதும். கடைசியில், பாதி உயரம் போதும், டயரைக் கொஞ்சம் பெரிதாக்கலாம், சைலன்சர் வாயையும் காற்றுக் குழாயையும் மேலே கொண்டுபோய்விடலாம் என்று பேசி முடித்தார்கள். அதிலும் டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். வேலையை ஒரே தடவையில் முடிக்கக்கூடாது. கொஞ்சம் தூக்க வேண்டும், ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும், வந்து காட்டினால் மேஸ்திரி பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு மறுபடி கொஞ்சம். கர்ப்பிணிகளுக்கு அவர் போடும் முறைதான் அது. "ஒரே தபா தூக்கிட்டா முடிஞ்சிது. எதுக்கு மேடம் மாசா மாசம் வர்றீங்க?" என்றார் மேஸ்திரி. "மாசா மாசம் வர்றவாதான் நன்னாப் பெத்துண்டு போறா" என்றார் டாக்டரம்மா. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதல் சுற்றில் மேஸ்திரி தன் கைவரிசையைக் காட்டிவிட்டார். சின்ன லாரி ஒன்றின் கனமான பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கட்டிவிட்டார். உயரம் வந்தது. டாக்டரம்மா வீட்டிலிருந்து எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொண்டுவந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, பின்பக்க பெஞ்சில் வைத்தார். மேஸ்திரியைப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார். நந்தனத்திலிருந்து அடையாறு வரை போய்த் திரும்பினார்கள். நான் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மீதி மேஸ்திரியின் மடியில் இருந்தது. "இந்தக் குலுக்கல்ல ஒரு பொண்ணை ஏத்திண்டு வந்தா பாலத்து மேலேயே பிறந்துடும்" என்றார் டாக்டரம்மா. மேஸ்திரி லுங்கியைப் பிழிந்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்த பிறகுதான் நல்ல வேலைக்காரர் ஆனார். கனமான பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மெல்லிய பட்டைகளாக நிறைய வாங்கி, நெருப்பில் காய்ச்சி, வளைவைக் கூட்டி, வரிசையாக அடுக்கிக் கட்டினார். ஆவணிக்குள் குடம் தளும்பாமல் வர ஆரம்பித்தது. தண்ணீர் நிறைந்த குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்வதைப்போல அசையாமல் உட்கார்ந்து வருவார் மேஸ்திரி. ஷெட்டுப் பையன்கள் விசில் அடிப்பார்கள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். ஜீப் உயர்ந்துவிட்டால் ஏறுவது எப்படி? பின்பக்கம் ஒரு படி வேண்டும். அந்தப் படி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்க்க, வராந்தாவில் செங்கற்களை அடுக்கி, வந்த கர்ப்பிணிகளை எல்லாம் ஏறி இறங்கச் சொன்னார் டாக்டரம்மா. எட்டாம் மாதக்காரிக்கு எந்த உயரத்தில் மூச்சு வாங்குகிறது, எவள் சுவரைப் பிடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் அளவு நாடாவோடு என் பக்கம் திரும்பினார். "நீ வா. உன் முழங்காலுக்கு எவ்வளவுன்னு பார்க்கணும்." நான் எழுந்திருக்கவில்லை. "நான் ஏற மாட்டேன். எனக்கு அளவு எடுக்காதீங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

காரணம் என் மாமியார். எங்கள் வீடுகளில் பிறக்காத குழந்தைக்கு என்று முன்கூட்டி எதையும் வாங்குவதில்லை. சட்டை தைக்கமாட்டோம், பவுடர் டப்பா வாங்கமாட்டோம். பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில்தான் சுற்றுவோம். போன தடவை ஆசையில் ஒரு தொட்டில் கம்பியை முன்னாலேயே வாங்கி உத்தரத்தில் மாட்டியிருந்தேன். அது சும்மா தொங்கியதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை மாமியார் ஜீப் விஷயம் கேள்விப்பட்டதும் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார். "இன்னாடி கூத்து இது? பொறக்காத கொயந்தைக்குத் தொட்டி வாங்குனதுக்கே அப்பிடி ஆச்சி. இந்தம்மா வண்டியே செஞ்சிக்கினு கீது. உன் காலு அளவுக்குப் படி வேற வெக்கிறாங்களாம். ஆகாதுடி, சொல்லிட்டேன்." படித்தவள்தான் நான், பிளஸ் டூ. ஆனால் ஒரு தடவை வெறும் கையோடு திரும்பியவளுக்குப் படிப்பு எந்த மூலைக்கு?

அன்று கடைசிப் பேஷண்ட் போன பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டார். மூட நம்பிக்கை என்று ஆரம்பிப்பார், நானும் பதிலுக்குப் பதில் பேசலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அதைச் செய்யவில்லை. "எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா உங்காத்துல இருக்கு. பயந்துண்டே ஒரு பொண்ணு பத்து மாசமும் சுமக்கப்படாது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வேலை முடிஞ்சாத்தானே முன்கூட்டி செஞ்சதாக் கணக்கு? முடிக்காமலே விட்டுட்டா?" எனக்குப் புரியவில்லை. மறுவாரம் புரிந்தது. படியை மேஸ்திரியிடம் செய்து வாங்கிக்கொண்டார். ஆனால் ஜீப்பில் பொருத்தவிடவில்லை. போல்ட்டுக்கான ஓட்டைகள் மட்டும் ஜீப்பில் காலியாக இருந்தன. "வேலைய அரகொறையா வுட்டா என் பேரு கெட்டுப்பூடும் மேடம்" என்று மேஸ்திரி நொந்துகொண்டார். "வண்டி இன்னும் ரெடியாகலே. உங்க மாமியார்கிட்ட போய் அப்படியே சொல்லு" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். சொன்னேன். மாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்போ செரி" என்றார். குழந்தை பிறந்த மறுநாள் படியை முடுக்கிக்கொள்ளலாம், அதற்குள் யாருக்காவது அவசரம் என்றால் அப்படியே தூக்கி வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அதுவரை படி எங்கே இருப்பது? என் மேஜைக்கு அடியில்தான். கால் வீங்க ஆரம்பித்திருந்தது எனக்கு. அதன்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு சீட்டு எழுதினேன். இன்னொன்றையும் டாக்டரம்மா சொன்னார், அப்போது நான் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. "குழந்தைக்காக இதெல்லாம் பண்றேன்னு உங்க மாமியார் நினைச்சிண்டிருக்கா. எனக்காகப் பண்ணிக்கறேன்."

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. டாக்டரம்மா எனக்கு லீவு கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னார். அவருக்குத் தெரிந்தவர் வீட்டில், மாடியில், பிரசவம்வரை தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, தீபாவளி கழியட்டும் என்று நானும் மாமியாரும் சொன்னோம். தீபாவளிக்கு முந்தின நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர். அரிசி டின்னையும் துணி மூட்டைகளையும் மேலே ஏற்றிவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் வலி கண்டது. வீட்டுக்காரர் வழக்கம்போலக் கடைக்குப் போயிருந்தார். அதே மழை, அதே தண்ணீர், அதே மருந்துக்கடைக்கு அதே மாமியார் போன் போட ஓடினார். மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குழந்தையும் போய்விட்டால் நான் பிழைக்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். மாமியார் திரும்பி வந்து என் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

டீசல் இன்ஜின் சத்தம் முதலில் கேட்டது. பிறகு தெரு முனையில் ஜீப் திரும்பியது. தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு, அவசரப்படாமல், ஒரே வேகத்தில் வந்தது. மாடிகளில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மருந்துச் சீட்டில் கிழித்த அந்தக் கோடு இப்போது சக்கரத்தோடு நின்றுவிட்டது, வயிற்றுக்கு வரவில்லை. வாசலில் நிறுத்தி, டாக்டரம்மா தண்ணீரில் இறங்கினார். முழங்காலுக்கு மேல் இருந்தது தண்ணீர். என்னைப் பரிசோதித்துவிட்டு, "நேரம் இருக்கு. தலை கீழேதான் இருக்கு. கிளம்பு" என்றார். மாமியார் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக என்னை ஜீப்பின் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதுதான் மூவரும் பார்த்தோம். படி இல்லை. அது ஆழ்வார்பேட்டையில் என் மேஜைக்கு அடியில் இருந்தது. எல்லாவற்றையும் அளந்தவர், போன் வந்த பதற்றத்தில் அதை எடுத்துப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். ஜீப்பின் உள்தளம் என் இடுப்பு உயரத்தில் இருந்தது.

மாமியார் உள்ளே ஓடி பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்தார். அது தண்ணீரில் நிற்காமல் மிதந்து சாய்ந்தது. எனக்கு அடுத்த வலி வந்துவிட்டது. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது டாக்டரம்மா கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் ஒரு காலை மடித்து, தொடையைப் படி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். "காலை வை" என்றார். மாமியார் பதறிவிட்டார். "ஐயோ, டாக்டரம்மா, உங்க மேல அவ காலு வெக்கிறதா? பாவம்மா அது. நான் குந்திக்கிறேன், என் முதுவுல ஏறட்டும்." டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க பின்னாடி தாங்கிப் பிடிச்சுக்கோங்கோ. அதுதான் உங்க வேலை." நான் தயங்கினேன். செருப்பில்லாத, சேறு ஒட்டிய என் காலைப் பார்த்தேன். அவருடைய தொடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை போனது. அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "கும்பிடறதெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம். ஏறுடி." ஏறினேன். என் பாரம் முழுவதும் ஒரு நிமிஷம் அவர்மேல் இருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டாரே தவிர அசையவில்லை.

மதியத்துக்குள் பெண் பிறந்தாள். அழுத அழுகையில் மாடி வார்டே விழித்துக்கொண்டது. டாக்டரம்மா ஒரு வாரம் நொண்டினார். கேட்டவர்களிடம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது சுளுக்கிவிட்டது என்றார். அந்த ஜீப் அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்கு எங்கள் பக்கம் வந்துபோனது. இப்போது டாக்டரம்மா இல்லை. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பையும் இடித்துவிட்டார்கள்; நாங்கள் ஊருக்கு வெளியே போய் வெகுகாலம் ஆகிறது. என் பெண் போனில் விரலை வைத்து வண்டி கூப்பிடுகிறாள்; ஜீப்பைவிட உயரமான வண்டிகள் வந்து நிற்கின்றன, மழையே இல்லாத நாளிலும். இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். நான் சொல்ல நினைத்தது அன்றைக்கு வழியில் நடந்ததை.

ஜீப் பாலத்தில் ஏறி இறங்கியது. நான் பின்பக்க பெஞ்சில் மாமியாரின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். குலுக்கல் இல்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி மெதுவாக அமுங்கி மெதுவாக எழுந்தது. அதுவரை வழி நெடுக, மூச்சை இழு, விடு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டிய டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கியரை மாற்றும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர் விலகுகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். நந்தனம் பக்கம் திரும்புகிற அந்தப் பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஓரத்தில் இரண்டு கார்கள் கதவைத் திறந்தபடி தண்ணீரில் நின்றிருந்தன. அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இங்கதான்டி நின்னுடுத்து" என்றார்.

ஒரு வருஷமாக அவர் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவுதான். அடுத்த வலி வருவதற்குள் எப்படியோ குரலைச் சேர்த்துக்கொண்டேன்.

"தெரியும்மா. நிக்காம போங்க."